நின்ற லாரிக்குக் கார் ஏன் தானாக பிரேக் பிடிக்கவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வேலூரிலிருந்து சென்னைக்கு வாரம் ஒருமுறை புதுக் காரில் போகிறீர்கள். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலும், மோதல் எச்சரிக்கையும் அதில் இருக்கின்றன. வாலாஜா டோல்கேட் தாண்டி குரூஸை 90 கி.மீ. வேகத்தில் வைத்துப் போகையில், முன்னால் போன வேன் சட்டென்று வலப்பக்கம் விலகியது. அதற்கு முன்னால் சாலையிலேயே ஒரு லாரி நின்றிருந்தது. கார் வேகத்தைக் குறைக்கவில்லை, கொஞ்சம் வேகமெடுத்த மாதிரி கூட இருந்தது. கடைசி நேரத்தில் பீப் சத்தம் வந்தது, நீங்களே பிரேக்கை மிதித்துத் தப்பித்தீர்கள். அதே கார் காட்பாடி சாலையில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்துகிறது. சென்சார் பழுதா, இதை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு: ஓடும் வண்டியை அவ்வளவு பிசகில்லாமல் பின்தொடரும் கார், நிற்கும் வண்டியை ஏன் காணவில்லை? நீங்கள் சொன்ன நிகழ்ச்சி அப்படியே நடந்திருந்தால், பழுதே இல்லாத காரிலும் அது நடக்கும். இந்த வசதி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் காரில் கூடவே ஒரு பழுதும் இருக்கலாம், காரைப் பார்க்காமல் அதை மறுக்க முடியாது. பழுதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது தெரிந்தால்தான் எந்த நேரத்தில் கால் பிரேக்கின் மேல் இருக்க வேண்டும் என்று தெரியும்.

பெரும்பாலான கார்களில் இரண்டு கண்கள். ஒன்று, முன் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் இருக்கும் உள்ளங்கை அளவு ரேடார். இன்னொன்று, உள்கண்ணாடிக்குப் பின்னால் முன்கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் கேமரா. சில மாடல்களில் கேமரா மட்டுமே உண்டு, ரேடார் கிடையாது. ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. அந்த அலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அலை போய் மோதித் திரும்பி வர ஆகும் நேரத்திலிருந்து தூரம் தெரியும்: 100 மீட்டர் தள்ளியிருக்கும் வண்டியில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. வேகம் தெரிவது வேறு விதத்தில். காட்பாடி ஜங்ஷனில் சரக்கு ரயில் நிற்காமல் போகும்போது கவனித்திருப்பீர்கள், வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்றும், கடந்து போனதும் கனத்தும் கேட்கும். ரேடார் அலைக்கும் அதே மாற்றம் உண்டு. அந்த மாற்றத்தை அளந்து, முன்னால் போகும் வண்டி உங்களைவிட எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று ரேடார் நேரடியாகச் சொல்லிவிடும். தூரமும் வேகமும் அதற்கு அத்துப்படி. ஆனால் எதிரில் இருப்பது லாரியா, பாலமா, பெயர்ப்பலகையா என்று அதற்குத் தெரியாது. கேமராவுக்கு இது நேர்மாறு: உருவத்தைப் பார்த்து 'இது கார், இது பைக், இது ஆள்' என்று சொல்லும், ஆனால் தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்கும்.

இப்போது நின்ற லாரிக்கு வருவோம். நீங்கள் 90-ல் போகும்போது, நொடிக்கு 25 மீட்டர் நகர்கிறீர்கள். ரேடாரின் பக்கத்திலிருந்து பாருங்கள். நடுச்சாலைத் தடுப்புக் கம்பி நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது. டோல்கேட்டுக்கு முன்னால் தலைக்கு மேலே நிற்கும் பெரிய பெயர்ப்பலகை, மேம்பாலத்தின் உத்தரம், சாலையில் பதித்திருக்கும் இரும்பு மூடி, நசுங்கிக் கிடக்கும் தகர டப்பா, எல்லாமே அதே 25 மீட்டர் வேகத்தில் வருகின்றன. நின்ற லாரியும் அதே 25 தான். கார்களில் பரவலாக இருக்கும் ரேடாருக்கு மேலே இருப்பதையும் தரையில் இருப்பதையும் பிரித்தறியும் திறன் குறைவு. இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்தால், சத்துவாச்சாரி மேம்பாலத்தின் அடியில் போகும்போதெல்லாம் கார் திடீரென்று நிற்கும், பின்னால் வரும் பஸ் உங்கள் மேல் ஏறும். அதனால் 'தரையின் வேகத்தில் வருவது தரை' என்று வைத்து, ஓடாத பொருள்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படி நிரல் எழுதுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டி உங்கள் கண் முன்னேயே வேகம் குறைந்து நின்றால் அது வேறு கதை: ரேடார் அதை ஏற்கெனவே வண்டி என்று குறித்து வைத்திருக்கும், அதன் பின்னால் அழகாக நிறுத்தும். ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டிருப்பதுதான் சிக்கல். 1999-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ரேடாரோடு இந்த வசதி வந்தபோதே இதன் வேலை முன்வண்டியோடு இடைவெளி காப்பதுதான். உங்கள் காரின் கையேட்டிலும் நிற்கும் வண்டியைப் பற்றிய எச்சரிக்கை இருக்கும், அந்தப் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள்.

நின்ற பொருளை லாரி என்று உறுதி செய்வது கேமராவின் வேலை. பகலில், நேரான சாலையில், லாரியின் பின்பக்கம் முழுதாகத் தெரிந்தால் இப்போதைய கார்கள் பல அதைக் கண்டுபிடிக்கின்றன. உங்கள் விஷயத்தில் வேன் மறைத்துக்கொண்டிருந்தது. அது விலகியபோது கேமராவுக்குக் கிடைத்தது இரண்டு நொடியோ, அதற்கும் குறைவோ. மனிதருக்கே நெருக்கடியான நேரம் அது. நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிதுங்கிய கட்டு, பின்விளக்கு மறைந்திருக்கும், சிவப்பு ஒளிப்பட்டை இருக்காது. வைக்கோல் பாரமும் அப்படித்தான். கேமராவுக்குப் பழக்கிய 'லாரி' உருவத்தோடு இவை பொருந்துவதில்லை. இரவில் என்றால் இன்னும் மோசம். கட்டுமானக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு போகும் லாரியில், ரேடார் பின் அச்சையோ பின் கட்டையையோ அளக்கும், இரண்டு மூன்று மீட்டர் முன்னதாகவே இருக்கும் கம்பி முனையை அளக்காது. கார் 'இன்னும் இடம் இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு நெருங்கும்.

கார் வேகமெடுத்த மாதிரி இருந்தது என்றீர்களே, அது பிரமை இல்லை. நீங்கள் 90 என்று வைத்திருந்தீர்கள், வேன் 80-ல் போயிருந்தால் காரும் 80-ல்தான் போயிருக்கும். வேன் விலகியதும் 'பாதை காலி' என்று முடிவு செய்து 90-க்கு ஏறத் தொடங்கியிருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. முன்வண்டி நேராகப் போய்விடும், நீங்கள் இறங்குவீர்கள், முன்னால் எதுவும் இல்லாததால் கார் 90-ஐ நோக்கி முன்னே பாயும். இறங்கும் முன்பே குரூஸை அணைத்துவிட வேண்டும். இது எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் பொருந்தும்.

அடுத்தது, அடாப்டிவ் குரூஸ் பிடிக்கும் பிரேக் எவ்வளவு பலமானது? வேண்டுமென்றே மென்மையாகத்தான் வைத்திருக்கிறார்கள். இதற்கான உலகத் தரவிதி ஐஎஸ்ஓ 15622, வேகமாகப் போகும்போது ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 3.5 மீட்டருக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது. நன்றாக அழுத்தி மிதித்தால் காய்ந்த தார்ச்சாலையில் கார் தரக்கூடியது அதே கணக்கில் 8, 9. ஆகவே குரூஸ் பயன்படுத்துவது காரின் பிரேக் பலத்தில் பாதிக்கும் குறைவு. கணக்கைப் பாருங்கள்: 90-லிருந்து அந்த மென்மையான பிரேக்கில் நிற்க 89 மீட்டர் தேவை. கண்டுபிடித்து, உறுதி செய்து, பிரேக்கில் அழுத்தம் ஏற ஒரு நொடி போனால் இன்னொரு 25 மீட்டர். மொத்தம் 115 மீட்டருக்கு அருகில். வேன் விலகியபோது லாரி 60 மீட்டரில் இருந்திருந்தால், குரூஸ் அதைப் பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது.

அங்கேதான் மோதல் எச்சரிக்கையும் தானியங்கி அவசர பிரேக்கும் வருகின்றன. குரூஸ் ஓடுகிறதா இல்லையா என்பதோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை, தனியாக எப்போதும் விழித்திருக்கும். அவை தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, இப்படியே போனால் மோத எத்தனை நொடி ஆகும் என்று பார்க்கின்றன. 50 மீட்டர் தூரம், நெருங்கும் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்றால் 2 நொடி. அதே 50 மீட்டரில் முன்வண்டி உங்களைவிட 5 மீட்டர் மட்டும் மெதுவாகப் போனால் 10 நொடி, அப்போது சத்தம் வராது. எச்சரிக்கை பெரும்பாலும் 2, 2.5 நொடி அளவில் வரும். சரியான எண் காருக்குக் கார், அதிலேயே நீங்கள் வைக்கும் 'முன்கூட்டி, நடுத்தரம், தாமதம்' என்ற அமைப்பைப் பொறுத்து மாறும்.

2.5 நொடியில் பீப் வந்தால் என்ன ஆகும்? 60 கி.மீ. வேகத்தில் அது 42 மீட்டருக்கு முன்பு. ஒரு நொடியில் உங்கள் கால் பிரேக்குக்குப் போனால் 17 மீட்டர் கழிந்துவிடும், பலமாக, 8, 9 இல்லாவிட்டாலும் 7 என்ற அளவில் மிதித்தால் இன்னும் 20 மீட்டரில் நிற்கலாம். தப்பித்தீர்கள். 90-ல் அதே 2.5 நொடி 62 மீட்டர். ஒரு நொடி திகைப்பில் 25 மீட்டர் போகும், அதே 7 அளவில் நிற்க 45 மீட்டர் வேண்டும், மிச்சம் இருப்பது 37 மட்டும். கார் 36 கி.மீ. வேகத்தோடு போய் மோதும். கையில் செல்போன் இருந்து அந்தத் திகைப்பு ஒன்றரை நொடியானால், மோதும் வேகம் 60. பீப் சத்தம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுவது என் வழக்கம்.

அவசர பிரேக் இருக்கும் காரில், நீங்கள் அசையாவிட்டால் காரே பிரேக் பிடிக்கும். ஆனால் எந்த வேகம் வரை என்பதைப் பாருங்கள். கார்களின் அவசர பிரேக்குக்கான ஐ.நா. விதி 152, மணிக்கு 10 முதல் 60 கி.மீ. வரையில் அது செயல்பட வேண்டும், மேலே சொன்ன கணக்கில் குறைந்தது 5 என்ற அளவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறது. அதற்கு மேல் வேலை செய்யும் கார்கள் உண்டு, ஆனாலும் 90-ல் நின்ற லாரிக்கு முன்னால் முழுதாக நிறுத்திவிடும் என்று எண்ணி வண்டி ஓட்டக் கூடாது. அங்கே அதன் பயன் மோதலின் வேகத்தைக் குறைப்பதுதான். 60-ல் மோதுவதற்கும் 30-ல் மோதுவதற்கும் இடையில் உயிர் இருக்கிறது, ஆகவே அதை ஒருபோதும் அணைத்து வைக்காதீர்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கார் தானாக பிரேக் பிடிக்கும்போது பதறி ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தாலோ, 'ஓட்டுநர் ஏதோ முடிவு செய்துவிட்டார்' என்று எடுத்துக்கொண்டு பல கார்கள் பிரேக்கை விட்டுவிடும்.

காட்பாடி சாலையில் வரும் சத்தம் பெரும்பாலும் பொய்யில்லை. ஆட்டோ முன்னால் குறுக்கே திரும்புகிறது, டூவீலர் உங்களுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நுழைகிறது. அவர் விலகிவிடுவார் என்று உங்களுக்கு அனுபவத்தில் தெரியும், காருக்குத் தெரியாது. அதன் கணக்கில் அது மோதல்தான். நகரத்துக்குள் எச்சரிக்கையை 'தாமதம்' என்று மாற்றிக்கொள்ளலாம், நெடுஞ்சாலை ஏறும்போது மறக்காமல் 'முன்கூட்டி'க்குத் திருப்புங்கள். குரூஸை நகருக்குள் போடவே வேண்டாம். வளைவில் பக்கத்துப் பாதையில் போகும் லாரியைப் பார்த்துக் கார் பிரேக் பிடிப்பதும் நடக்கும், ரேடார் நேராகப் பார்க்கிறது, சாலை வளைகிறது, அவ்வளவுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இதைப் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள், வளைவு திரும்பியதும் முன்வண்டி கண்ணிலிருந்து மறைந்து, கார் வேகமெடுக்கும்.

இப்போது பழுதா என்று பார்க்கும் வழி. முதலில் கண்ணால் பாருங்கள். பாஸ்டேக் ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது? உள்கண்ணாடிக்குப் பின்னால் நடுவில் ஒட்டச் சொல்வார்கள், கேமராவும் அங்கேதான். கேமராவின் பார்வை விழும் கண்ணாடிப் பகுதியில் ஓரம் கூட மறைக்கக் கூடாது. வண்டிக்குப் பூஜை போட்டபோது முன்சின்னத்தின் மேல் சந்தனம், குங்குமம் தடவியிருக்கிறார்களா? பல கார்களில் ரேடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான். காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். மாலையும் வாழைக்கன்றும் கட்டியிருக்கும் நாளில் 'ரேடார் மறைந்துள்ளது' என்று செய்தி வந்தால் அது இயல்பு. முன்னால் பம்பருக்கு இரும்புக் கார்டு (பாதுகாப்புக் கம்பி) போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். அலையைச் சிதறடிக்கும், ஏர்பேக்கையும் குழப்பும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

அடுத்து, பம்பரில் எப்போதாவது அடிபட்டு பட்டி பார்த்து பெயின்ட் அடித்தார்களா, முன்கண்ணாடி மாற்றினார்களா என்று யோசியுங்கள். பெயின்ட் நன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள், உள்ளே ரேடாரின் பிடிமானம் மயிரிழை வளைந்திருக்கும். ஒரு டிகிரி திரும்பினால் 100 மீட்டரில் பார்வை 1.75 மீட்டர் விலகும். நெடுஞ்சாலையில் ஒரு பாதையின் அகலமே 3.5 மீட்டர். அதாவது பாதிப் பாதை தள்ளிப் பார்க்கும் கார், உங்கள் முன்வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்து லாரிக்கு பிரேக் பிடிக்கும். பட்டியும் பெயின்ட்டும் தடிமனாக ஏறினாலும் அலை பலவீனமாகும்.

மூன்றாவது, ஓட்டிப் பாருங்கள். பகலில், போக்குவரத்து குறைந்த நேரான நெடுஞ்சாலையில், 80 வைத்து ஒரு லாரியைப் பின்தொடருங்கள். டாஷ்போர்டில் முன்வண்டிப் படம் தோன்றும். அது நிலையாக இருக்கிறதா, அடிக்கடி மறைந்து வருகிறதா, பக்கத்துப் பாதை வண்டிக்குப் படம் வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். நிலையாக இருந்தால் ரேடார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அட்டைப்பெட்டியையோ நின்ற வண்டியையோ நோக்கி ஓட்டிச் சோதிக்க வேண்டாம், அதில் தவறினால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. சோதனைக்கு மட்டுமல்ல, தினமும் ஓட்டும்போதும் இந்தப் படம்தான் உங்களுக்கு முக்கியம்: கண்ணுக்கு வண்டி தெரிந்து, டாஷ்போர்டில் படம் இல்லை என்றால், கார் அதைப் பார்க்கவில்லை. உடனே கால் பிரேக்குக்குப் போக வேண்டும்.

இடைவெளியை அதிகபட்சத்தில் வையுங்கள். 90-ல் 2 நொடி என்றால் 50 மீட்டர். இவ்வளவு இடம் விட்டால் எல்லோரும் நுழைவார்கள் என்று சொல்வார்கள், நுழையட்டும். ஒரு வண்டி நுழைந்தால் நீங்கள் இழப்பது ஏறக்குறைய 2 நொடி. சென்னை போவதற்குள் 30 பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம்தான். மழையில் குரூஸே வேண்டாம். சாலை ஈரம் என்பதோ, டயர் தேய்ந்தது என்பதோ பொதுவாக அதன் இடைவெளிக் கணக்கில் வராது, காய்ந்த சாலைக்கு விட்ட அதே 50 மீட்டரைத்தான் விடும்.

மேலே சொன்னதில் சந்தேகம் வந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போய், 'வாஷ் பண்ணி செக் பண்ணுங்க' என்று பொதுவாகச் சொல்லாமல், ரேடாரிலும் கேமராவிலும் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை ஸ்கேனரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றியிருந்தாலோ பம்பரைக் கழற்றி மாட்டியிருந்தாலோ கேலிபிரேஷன், அதாவது ரேடாரும் கேமராவும் பார்க்கும் திசையைச் சரிப்படுத்துவது, செய்யக் கேளுங்கள். சில கார்களுக்கு சமதளத்தில், அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்துச் செய்வார்கள், சிலவற்றுக்குச் சாலையில் ஓட்டியே செய்வார்கள். அதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் பாரம் இருக்கக் கூடாது, வீல் அலைன்மென்ட் முடிந்திருக்க வேண்டும். செய்து முடித்ததும் வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அறிக்கைகளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.